பாஸ், வித்ட்ரா, கிரேடு: 2020-இல் ஏற்காட்டில் உட்கார்ந்து நான் எடுத்த முடிவுகள்

2020 கொரோனா ஊரடங்கின்போது என் பல்கலைக்கழகம், வாங்கிய கிரேடை வைத்துக்கொள், இல்லை பாஸ் என்று மாற்றிக்கொள், இல்லை பாடத்தையே விட்டுவிடு (வித்ட்ரா) என்று கொடுத்த வசதிக்கு 5-க்கு 4 கொடுக்கிறேன். குறைத்த அந்த ஒன்று எதற்காக என்பதையும் விவரமாகச் சொல்லிவிடுகிறேன். சேலத்திலிருந்து வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளில் யாராவது ஒருவர் "அக்கா, மார்க் ஷீட்டில் பாஸ் என்று மட்டும் இருந்தால் பின்னாடி பிரச்சினை வருமா" என்று என்னிடம் கேட்காத வருஷம் இல்லை, எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதை விட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் அப்போது அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம். பெயர் வேண்டாம். 2020 மார்ச் நடுவில் விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள். கிடைத்த டிக்கெட்டில் கிளம்பி வந்தேன், நான் வந்து இறங்கிய கொஞ்ச நாளில், மார்ச் 22-இலிருந்து, வெளிநாட்டு விமானங்கள் இந்தியாவுக்கு வருவதே நின்றுபோனது. செவ்வாய்ப்பேட்டை வீட்டு மாடி அறையில் 14 நாள் தனியாக இருந்தேன், கீழே அப்பாவின் கொலுசுப் பட்டறை பூட்டிக் கிடந்தது. அது முடிந்ததும் ஏற்காடு நாகலூரில் தனியாக இருந்த அம்மாயிக்கு (அம்மாவின் அம்மா) மருந்து கொண்டுபோக அனுமதி வாங்கி 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனவள், அவளைத் தனியாக விட்டுவர மனசு வராமல் அங்கேயே தங்கிவிட்டேன்.

வகுப்பெல்லாம் ஆன்லைன். அங்கே மதியம் 2 மணி என்றால் இங்கே இரவு 11.30. வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடுதான் வரும், சில்வர் ஓக் மரங்கள் நிற்கிற மேட்டுக்குப் போனால் மூன்று கோடு. பகலில் அங்கே போய் உட்காரலாம், ராத்திரி 12 மணிக்கு அம்மாயி விடமாட்டாள். "காட்டெருமை வர்ற எடம் கண்ணு, படிப்பு போனா போவுது" என்பாள். ஆக, பாதி வகுப்பைக் குரல் மட்டும் கேட்டும், மீதியை மறுநாள் பதிவிறக்கிப் பார்த்தும் ஓட்டினேன். ஏப்ரல் கடைசியில் சேலத்துக்கு இறங்கிவிடலாம் என்று வைத்திருந்தேன், அதற்குள் 26-ஆம் தேதியிலிருந்து 3 நாள் மாநகரம் முழு ஊரடங்கு, மளிகைக் கடைகூடத் திறக்கவில்லை. அம்மா போனில் "அங்கியே இரு சாமி" என்று சொல்லிவிட்டாள். பரீட்சை மலையிலேயே என்று ஆகிவிட்டது.

இந்த நேரத்தில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து அந்த மெயில் வந்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாக மூன்றில் ஒன்றை நாமே தேர்ந்தெடுக்கலாம். வாங்கிய கிரேடை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அல்லது 'சி'-க்குக் குறையாமல் வாங்கியிருந்தால் அதைப் பாஸ் என்று மாற்றிக்கொள்ளலாம்: கிரெடிட் (பட்டத்துக்குச் சேர்க்க வேண்டிய பாட அலகு) கிடைக்கும், கிரேடுகளின் சராசரியில் சேராது. அல்லது வித்ட்ரா, பாடத்தை எடுக்கவே இல்லை என்பது போல, கிரெடிட்டும் கிடையாது, சராசரிக்கு அடியும் கிடையாது, மார்க் ஷீட்டில் 'டபிள்யூ' என்று ஓர் எழுத்து மட்டும் நிற்கும்.

இதில் நான் முழு மனசோடு பாராட்டுவது ஒரு விஷயத்தை. ரிசல்ட் வந்த பிறகு 10 நாள் அவகாசம் கொடுத்தார்கள். சாதாரண நாளில் பாஸ் முறையில் படிக்க வேண்டும் என்றால் பருவம் தொடங்கிய சில வாரத்துக்குள் சொல்லிவிட வேண்டும், அப்போது நமக்கு எது வரும் எது வராது என்றே தெரியாது. இங்கே மார்க்கைப் பார்த்துவிட்டு, வீட்டு நிலைமையையும் பார்த்துவிட்டு, நிதானமாக உட்கார்ந்து முடிவெடுக்க முடிந்தது. பயத்தில் எடுக்கிற முடிவுக்கும் கையில் கணக்கை வைத்துக்கொண்டு எடுக்கிற முடிவுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது அந்த 10 நாளில்தான் எனக்குத் தெரிந்தது.

பொருளாதாரப் பரீட்சை அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். இரவு 11 மணிக்கு ஆரம்பம், 3 மணி நேரம். 12.30 வாக்கில் மழை பிடித்துக்கொண்டது, கரண்ட் போனது, அதோடு டவரும் போனது. காப்பிச் செடிக்கு அந்த மழை நல்லது என்று அம்மாயிக்கு உள்ளுக்குள் சந்தோஷம், ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாய் திறக்காமல் அரிக்கேன் விளக்கை ஏற்றிக்கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். எழுதி முடித்து ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். 9 பக்கத்தில் 4 பக்கம்தான் போய்ச் சேர்ந்தது. வந்த கிரேடு 'டி'. பேராசிரியருக்கு எழுதினேன். அவர் மார்க்கை மாற்ற முடியாது, இதற்காகத்தான் வித்ட்ரா வைத்திருக்கிறோம், தயங்காமல் எடுத்துக்கொள் என்று இரண்டே வரியில் அன்பாகப் பதில் போட்டார். அந்தப் பதிலைப் படித்துவிட்டுத்தான் அன்று தூங்கினேன்.

சரி, கணக்குக்கு வருவோம், இது நிறைய பேருக்குப் புரியாத இடம். 'ஏ'-க்கு 4 புள்ளி, 'சி'-க்கு 2, 'டி'-க்கு 1 என்று வைத்துச் சராசரி எடுப்பார்கள். அந்தப் பருவத்துக்கு முன்னால் என்னிடம் 45 கிரெடிட், சராசரி 4-க்கு 3.5. அந்தப் பருவத்தில் 5 பாடம், மொத்தம் 16 கிரெடிட். 4 கிரெடிட் கணினிப் பாடத்திலும் 3 கிரெடிட் எழுத்துப் பயிற்சியிலும் 'ஏ'. புள்ளியியலிலும் கணிதத்திலும் 'சி', இரண்டும் 3 கிரெடிட். பொருளாதாரம் 3 கிரெடிட், 'டி'. எல்லாவற்றையும் அப்படியே விட்டிருந்தால் சராசரி 3.29-க்கு இறங்கியிருக்கும். என் உதவித்தொகைக்கு 3.4 கட்டாயம். இரண்டு 'ஏ'-வை வைத்துக்கொண்டு, இரண்டு 'சி'-யையும் பாஸ் ஆக்கி, பொருளாதாரத்தை வித்ட்ரா செய்ததும் 3.57 ஆனது. படிப்பு அதே படிப்புதான், அறிவு கூடவும் இல்லை குறையவும் இல்லை, ஆனால் ஒரு ராத்திரி மழைக்காக உதவித்தொகை போகாமல் தப்பித்தது. அப்பாவின் பட்டறை மூடிக் கிடந்த மாதங்கள் அவை. அந்தப் பணம் போயிருந்தால் நான் திரும்பிப் போயிருக்கவே மாட்டேன்.

வித்ட்ராவை இஷ்டத்துக்கு அள்ளவும் முடியாது. மாணவர் விசாவில் இளநிலை படிப்பவர்கள் ஒரு பருவத்துக்குக் குறைந்தது 12 கிரெடிட் வைத்திருக்க வேண்டும். ஒன்றை விட்டால் எனக்கு 13 மிஞ்சும், கணிதத்தையும் சேர்த்து விட்டால் 10. அதனால்தான் கணிதத்தைப் பாஸில் நிறுத்தினேன். இந்த விசா விவரம் பல்கலைக்கழகம் அனுப்பிய மெயிலில் எங்கேயும் இல்லை என்பது என் முதல் குறை. வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு நானாக எழுதிக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அந்த ஜூலை 6-ஆம் தேதி, முழுக்க ஆன்லைனில் படிக்கிற வெளிநாட்டு மாணவர்கள் அமெரிக்காவில் தங்க முடியாது என்று அந்நாட்டு அரசு அறிவித்ததும், பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டதும், 14-ஆம் தேதி அதைத் திரும்பப் பெற்றதும் நினைவிருக்கலாம். அப்படிப்பட்ட நேரத்தில் கிரெடிட் குறைந்து நிற்பது எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டியது அவர்கள் பொறுப்பு.

இரண்டாவது குறை, பல்கலைக்கழகத்தில் எனக்கு இருந்த படிப்பு ஆலோசகர். 10 நாள் அவகாசத்தில் 6 நாள் அவருடைய பதிலுக்குக் காத்திருந்தேன். கடைசி நேரம் அவர்கள் ஊர் இரவு 11.59, நமக்கு அது மறுநாள் காலை 9.29. அதைக்கூட நானே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. நான் படிவத்தை அனுப்பியது காலை 8 மணிக்கு, மரத்தடி மேட்டில் நின்றுகொண்டு.

மூன்றாவதுதான் பெரிது. வித்ட்ரா செய்த பாடத்துக்குக் கட்டிய பணம் திரும்பி வரவில்லை. அடுத்த வருஷம் அதே பொருளாதாரத்தை மறுபடி பணம் கட்டித்தான் படித்தேன். 'டபிள்யூ' மார்க்கைக் காப்பாற்றியது, வீட்டுக் கணக்கைக் காப்பாற்றவில்லை. தொற்றுக்காலம் என்று அவர்களே ஒப்புக்கொண்டுதானே இந்த வசதியைக் கொடுத்தார்கள், அப்படியானால் மறுமுறை படிக்கிறவர்களுக்குக் கட்டணத்தில் பாதியாவது குறைத்திருக்க வேண்டும். குறைத்த அந்த ஒரு மதிப்பெண்ணில் பெரும்பங்கு இதற்குத்தான்.

தேர்வை மாணவர் கையில் கொடுக்காமல் எல்லோருக்கும் ஒரே மாதிரி செய்த இடங்களும் உண்டு. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் அந்தப் பருவத்தில் எல்லோருக்கும் பாஸ் அல்லது பெயில் என்று மட்டும் போட்டது. ஸ்டான்ஃபோர்டிலும் கிரேடு எழுத்தே கிடையாது. எம்ஐடி அவசரகாலப் பாஸ் என்று தனியாக ஒரு குறியீட்டையே உண்டாக்கியது, தேறாத பாடம் வெளியே கொடுக்கிற மார்க் ஷீட்டில் தெரியவே தெரியாது. அவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. விருப்பம் என்று விட்டால், நல்ல நெட்டும் தனி அறையும் இருப்பவன் 'ஏ' வைத்துக்கொள்வான், மலைமேல் அரிக்கேன் விளக்கில் எழுதியவள் பாஸ் போடுவாள், நாளைக்கு வேலை கொடுக்கிறவன் இவளை மட்டும்தான் ஏன் என்று கேட்பான். எல்லோருக்கும் ஒரே மாதிரி என்றால் அந்தக் கேள்வியே வராது. இது உண்மை, எனக்கே நடந்தது: முதுநிலைக்கு விண்ணப்பித்தபோது ஒரு இடத்தில் கணிதப் பாடத்துக்குக் கிரேடு கட்டாயம் வேண்டும் என்றார்கள். ஒரு பக்கம் விளக்கம் எழுதி, பிறகு எடுத்த அடுத்த கட்டக் கணிதத்தில் வாங்கிய 'ஏ'-வைக் காட்டித்தான் சமாளித்தேன். இருந்தாலும் நான் ராத்திரி கண்விழித்து வாங்கிய இரண்டு 'ஏ'-வும் என் சராசரியைத் தூக்கியது, அதைப் பறித்திருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்காது. அதனால் விருப்பம் மாணவரிடம் இருப்பதே சரி என்பதில் இன்றைக்கும் உறுதியாக இருக்கிறேன்.

இதை என் தம்பிக்கு நடந்ததோடு சேர்த்துப் பார்த்தால்தான் முழுசாகப் புரியும். அவன் அப்போது இங்கே பொறியியல் இரண்டாம் வருஷம். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2020 ஏப்ரல் 29-இல் கொடுத்த வழிகாட்டுதல்படி, தேர்வு நடத்த முடியாத இடங்களில் இடைப்பருவ மாணவர்களுக்குப் பாதி மதிப்பெண் இன்டர்னலில் இருந்தும் பாதி முந்தைய செமஸ்டரில் இருந்தும் எடுக்கலாம், மார்க் போதவில்லை என்று நினைப்பவர்கள் பின்னர் எழுதி உயர்த்திக்கொள்ளலாம். அது ஓரளவு நியாயமான ஏற்பாடுதான். அப்புறம் ஆகஸ்ட் 26-இல் அன்றைய முதல்வர், நம்ம மாவட்டத்துக்காரர் எடப்பாடி பழனிசாமி, தேர்வுக் கட்டணம் கட்டியிருந்த அரியர் மாணவர்களுக்குத் தேர்ச்சி என்று அறிவித்தார், இறுதிப் பருவத் தேர்வு மட்டும் அதில் சேராது. தம்பிக்குக் கணிதத்தில் ஒரு அரியர் இருந்தது. வீட்டில் கேசரி கிண்டினார்கள். பொறியியல் கல்லூரிகளைக் கவனிக்கிற மத்திய அமைப்பான ஏஐசிடிஇ அதை ஏற்கவில்லை, வழக்கு நடந்தது, 2021 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அரியர் தேர்வை ரத்து செய்ததை ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டது. எட்டு மாதம் அவன் பாஸா இல்லையா என்றே தெரியாமல் இருந்தான். "அக்கா, பெயில்னு சொல்லியிருந்தா அப்பவே படிச்சிருப்பேன்" என்றான், எனக்கு அது இன்னும் காதில் இருக்கிறது.

அவனுக்கும் எனக்கும் ஒரே தொற்று, ஒரே வீடு, ஒரே கரண்ட் கட். எனக்குக் கிடைத்ததில் நிபந்தனை எழுத்தில் இருந்தது, தேதி இருந்தது, எதை எடுத்தால் என்ன ஆகும் என்று பரீட்சைக்கு முன்பே தெரிந்தது, ஒருமுறை பதிவானதை யாரும் திரும்ப வாங்கவில்லை. அவனுக்குக் கிடைத்தது மேலிருந்து வந்த தேர்ச்சி, அவன் கையில் தீர்மானிக்க எதுவுமே இல்லை. வித்ட்ரா மாதிரி ஒன்று இங்கேயும் இருந்திருந்தால், அதாவது இந்த முறை எழுதாமல் விட்டால் அரியர் கணக்கில் இன்னொரு தோல்வியாகச் சேராது, நிலைமை சரியானதும் கட்டணமில்லாமல் எழுதிக்கொள் என்று, அவனே அதைத்தான் எடுத்திருப்பான்.

பயன்படுத்தப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது: உங்கள் துறையின் அடிப்படைப் பாடம் எதுவோ அதில் பாஸ் போடுவதற்கு முன், மேலே படிக்க நினைக்கிற இடத்துக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள். துறைக்கு வெளியே இருக்கிற பாடத்தில் தயங்காமல் போடுங்கள், புள்ளியியலில் நான் வாங்கிய பாஸைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. விசாவுக்கு எத்தனை கிரெடிட் வேண்டும் என்பதை வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். கடைசித் தேதியை இந்திய நேரத்துக்கு மாற்றிச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

மறுபடி படித்த பொருளாதாரத்தில் 'ஏ' வாங்கினேன். அந்த ரிசல்ட் வந்தபோது நாகலூருக்குப் போன் போட்டேன். "அன்னிக்கு மழையில போனதா கண்ணு" என்று அம்மாயி கேட்டாள், ஆமாம், அதேதான் என்றேன்.