போல்கா கூடை நம் சந்தைக்குத் தாங்குமா?

இணையத்தில் 'ஆப்பிரிக்கக் கூடை' என்று வண்ண வண்ணமாக விற்கிறார்களே, அதில் நிறைய, மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கானா நாட்டின் வடகோடியில் முடைந்தது. போல்காடாங்கா சந்தையில் கைமாறுவதால் போல்கா கூடை என்று பெயர். மூன்று நாளுக்கு ஒருமுறை கூடும் சந்தை அது. முடைகிற கைகள் சுற்றுப்பட்டு ஊர்களில் இருக்கின்றன. புர்கினா பாசோ எல்லையை ஒட்டிய போங்கோ மாவட்டம் அதில் ஒன்று.

சில விற்பனையாளர்கள் மூங்கில் என்று போடுகிறார்கள். தவறு, இது புல். கினியா புல்லின் முற்றிய தண்டு. நம் பக்கம் கோ (ஜிஜி) 3 என்று மாட்டுக்கு அறுத்துப் போடுகிறோமே, அதே இனம். அதனால் கூடையைத் திண்ணையில் வைத்தால் ஆடு விடாது.

தண்டை நெடுக்கில் இரண்டாகக் கிழித்து, இரண்டு கீற்றையும் ஒன்றாக முறுக்கிப் புரியாக்குகிறார்கள். சாயம் ஏற்ற வேண்டியதைக் கொதிநீரில் போட்டெடுக்கிறார்கள். அடித்தட்டில் தொடங்கி வட்டமாக ஏறி, வாயில் விளிம்பு கட்டி, கடைசியில் புல்லையே கட்டாகச் சேர்த்துக் கைப்பிடி வளைக்கிறார்கள். அதன்மேல் ஆட்டுத்தோல் சுற்றித் தைப்பது தோல் வேலைக்காரர்கள். ஒரு கூடைக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். கூடையின் பலமெல்லாம் அந்த முறுக்கில்தான். வாங்கும்போது ஒரு புரியைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். கயிறு மாதிரி முறுக்கு தெரியாமல் தட்டையான வைக்கோல் ஓடியிருந்தால் அது கொலுவுக்கு மட்டும் ஆகும். அடுத்தது, கைப்பிடி விளிம்போடு நிற்கிறதா, பின்னலுக்குள் நான்கைந்து வரிசை இறங்கிப் பிணைந்திருக்கிறதா என்று பாருங்கள். விளிம்போடு நின்றது முதலில் பிய்வது அங்கேதான்.

பார்சலில் கூடை அப்பளமாக நசுங்கி வரும். பழுது என்று திருப்பி அனுப்ப வேண்டாம். கைப்பிடித் தோல் நனையாதபடி கூடையை மட்டும் தண்ணீரில் ஐந்து நிமிடம் முக்கி எடுத்தால் புல் இளகிவிடும். கையால் உருட்டி வடிவம் கொடுத்து, உள்ளே ஒரு குடத்தையோ பழைய துணியையோ திணித்து நிழலில் முழுதாகக் காயவிட வேண்டும். தோல் நனைந்தால் சாயம் ஒழுகும், காய்ந்தபின் விறைத்துக்கொள்ளும். அரைகுறையாகக் காய்ந்ததை ஐப்பசி மழையில் மூலையில் போட்டால் பூசணம் பிடிக்கும். சிவப்பு, நீலம் உள்ள கூடை முதல் தடவை சாயம் விடும். வெள்ளைத் துணியைத் திணிக்காதீர்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் புல் முனைகளைக் கத்தரியால் நறுக்கலாம், இழுத்தால் பின்னல் தளரும்.

இந்த வேலை அங்கே ஏன் ஊன்றியது என்பது தர்மபுரிக்காரருக்குச் சட்டென்று புரியும். மானாவாரி பூமி. வருடத்தில் ஒரே மழைக்காலம், கம்பும் சோளமும் அதில்தான். அறுவடை முடிந்தால் சகாராவிலிருந்து ஹர்மட்டான் என்ற வறண்ட புழுதிக்காற்று. அந்தக் காய்ந்த மாதங்களில் கையில் காசு வர வழி கூடைதான், முடைபவர்களில் பெண்களே அதிகம். இன்று புல்லே உள்ளூரில் போதவில்லை, தெற்கே ஆசாந்தி பக்கமிருந்து விலைக்கு வருகிறது. கூடை விலையில் ஒரு பங்கு அப்படியே லாரிக்குப் போய்விடுகிறது.

அங்குள்ள ஃப்ராஃப்ரா மக்களின் சோறு கம்பு, சோள மாவில் கிண்டிய டூ சாஃபி, அதாவது நம் களி. தொட்டுக்கொள்ள வெண்டைக்காய்க் குழம்போ கீரைக் குழம்போ. வீட்டுக்கு வந்தவருக்குக் கம்பு மாவு கரைத்த தண்ணீர், அதன் பெயர் ஸோம் கோம். ஊர்த் தலைவரை நாபா என்பார்கள். ஆனால் மண்ணுக்குரிய சடங்கும் நிலத்தின் பேச்சும் தெண்டானா என்ற பூசாரியிடம். ஒருவர் அதிகாரத்தில் மற்றவர் கை வைக்கக் கூடாது என்பது மரபு. பக்கத்து தகாபா இனத்தாரோடு கேலி உறவு உண்டு. துக்க வீட்டிலும் ஒருவரை ஒருவர் நக்கலடிக்கலாம், யாரும் கோபிக்கக் கூடாது. நம்மூர் மாமன் மச்சான் கிண்டலை இரண்டு சாதி சனம் முழுக்க விரித்துப் பாருங்கள்.

இன்னொரு ஒற்றுமை அவ்வளவு இனிப்பானதல்ல. போங்கோவின் கருங்கல் பாறையிலிருந்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு இறங்குகிறது, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவன அளவைத் தாண்டி. குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை. மூடி வைத்த ஆழ்துளைக் கிணறுகளும் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வரும்வரை தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டமும் அந்தப் பல்லோடுதானே இருந்தது.

இனி விலை. நம் சந்தையில் பத்து மூங்கில் கூடை வாங்கும் காசுக்கு இது ஒன்று. உழைப்பைப் பார்த்தால் அநியாயமில்லை, பயன்பாட்டைப் பார்த்தால் யோசிக்க வேண்டும். மண், எரு, சாணி சுமக்க இது ஆகாது. அதற்கு மூங்கில் தட்டுதான். காய்கறிக்கும் துணிக்கும் வருடக்கணக்கில் வரும். மூங்கில் போல சிலாம்பு கையில் ஏறாது, புடவை நூலை இழுக்காது. தரையில் இழுத்தால் மட்டும் அடிப்புரி தேய்ந்து அறும்.

அளவில் நடுத்தரமே போதும், வாய் ஒன்றேகால் அடி இருந்தால் சரி. பெரியதில் பாலக்கோடு தக்காளியை நிரப்பினால் கூடைக்கு ஒன்றும் ஆகாது, அடியில் கிடக்கும் தக்காளிதான் கூழாகும்.