கனடாவோட வான்கூவர்ல போதை பத்தி எழுதணும்னா க்ரைம் பீட்டா, ஹெல்த் பீட்டா?

பீட்னா ஒரு ரிப்போர்ட்டர் தொடர்ந்து கவர் பண்ற துறை. ரிப்போர்ட்டர் ஆகணும்னு நினைக்கிற நிறைய பேருக்கு இந்தக் குழப்பம் இருக்கு. ரெண்டுக்கும் களம் ஒண்ணுதான், போதைப் பழக்கம் அதிகமா இருக்கற டவுன்டவுன் ஈஸ்ட்சைடு ஏரியா.

நியூஸ் சிக்குறது:
க்ரைம் - போலீஸ் பிரஸ் ரிலீஸ் வரும், ஃபென்டனில்ங்கிற வீரியமான போதை மருந்து எத்தனை கிலோ, எத்தனை பேர் அரெஸ்ட், அதோட செய்தி ரெடி.
ஹெல்த் - திடீர் சாவுகள விசாரிக்கிற கொரோனர் சர்வீஸோட டேட்டாவ நோண்டணும், நர்ஸுங்க, பழக்கத்துல இருக்கறவங்கன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் நம்பிக்கை வாங்கணும், மாசக்கணக்குல இழுக்கும்.

ஆயுள்:
க்ரைம் - ரெய்டு நியூஸ் மறுநாளே பழசு.
ஹெல்த் - இங்கதான் மேட்டரே. இன்சைட்ங்கிற ஊசி மையத்த எடுத்துக்கோங்க, 2003ல திறந்தாங்க, அவங்கவங்க கொண்டு வந்த போதை மருந்த நர்ஸ் கண்காணிப்புல ஊசி போட்டுக்கலாம், ஓவர்டோஸ் ஆனா உடனே ஆக்சிஜன், ஓவர்டோஸ முறிக்கிற நலாக்சோன் மருந்துன்னு பாத்துக்குவாங்க, மூடணும்னு அப்போ இருந்த மத்திய அரசு நின்னுச்சு, 2011ல உச்ச நீதிமன்றம் திறந்தே இருக்கட்டும்னு சொல்லிடுச்சு. அப்புறம் 2016ல ஓவர்டோஸ் சாவுகளால பப்ளிக் ஹெல்த் எமர்ஜென்சி, 2023ல சொந்த உபயோகத்துக்கு 2.5 கிராம் வரைக்கும் போதைப்பொருள் வச்சிருந்தா கேஸ் இல்லங்கிற சோதனைத் திட்டம், 2024ல பொது இடத்துக்கு அது செல்லாதுன்னு பின்வாங்கல். ஒரே கதைய இருபது வருஷம் ஃபாலோ பண்ணலாம்.

செலவு:
க்ரைம் - டைம் கம்மி, எடிட்டரும் குஷி.
ஹெல்த் - மனசு நொந்து போகும், போன வாரம் பேசினவர் இந்த வாரம் இருக்க மாட்டார். லீவு கேக்க கூச்சப்படாதீங்க.

தினமும் பைலைன் (செய்தியில உங்க பேரு) வேணும், வேகம் பழகணும்னா க்ரைம். போதைப் பழக்கத்துக்கு சிகிச்சையா குடுக்கற மெத்தடோன் எப்படி வேலை செய்யுது, சிகிச்சைக்கு ஏன் இடம் கிடைக்கலன்னு எழுதணும்னா ஹெல்த்துதான். என்னைக் கேட்டா ஒரு வருஷம் க்ரைம்ல கோர்ட், போலீஸ் காண்டாக்ட் சேத்துட்டு ஹெல்த்துக்கு மாறிடுங்க.