ட்யூபா, பையா, ஆபரேஷனா: ஸ்பைனா பைஃபிடாவோடு வளர்ந்தவர்களுக்கு எது?

ஸ்பைனா பைஃபிடாவோடு, அதாவது முதுகுத்தண்டு சரியாக மூடாமல், சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்பும் பாதிக்கப்பட்டுப் பிறந்து இப்போது முப்பது, நாற்பது வயதில் இருப்பவர்கள் பேச ஆரம்பித்தால் பேச்சு சீக்கிரமே சிறுநீர் விஷயத்துக்கு வந்துவிடும். எதில் ஒழுகல் கம்மி, எது வேலைக்குப் போக வசதி, எதற்குச் செலவு குறைவு என்றுதான் ஒப்பிடுவோம். நியாயமான கேள்விகள்தான். ஆனால் சிறுநீரகம் கெட்டுப்போவது பெரும்பாலும் சிறுநீர்ப்பைக்குள் ஏறும் அழுத்தத்தால். 1981-ல் மெக்குவயர் என்ற அமெரிக்க யூராலஜிஸ்ட்டும் அவர் குழுவும் இந்தப் பிரச்சினையோடு பிறந்த குழந்தைகளைப் பார்த்து, சிறுநீர் கசியத் தொடங்கும்போது உள்ளழுத்தம் 40 செ.மீ. தண்ணீர் அளவைத் தாண்டினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து அதிகம் என்று காட்டினார்கள். அதாவது சிறுநீர்ப்பையின் வாய் இறுகி, ஒரு சொட்டுகூட ஒழுகாமல் இருப்பவருக்குத்தான் சில சமயம் உள்ளே அதிக சேதம் நடந்துகொண்டிருக்கும். அந்தக் கண்ணோடுதான் ஒவ்வொரு வழியையும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில், அடிவயிற்றை அமுக்கி வெளியேற்றுவது. சின்ன வயதில் அம்மா செய்துவிட்ட பழக்கம் அப்படியே தொடர்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செலவில்லை, சட்டென்று முடியும். ஆனால் வாய் இறுகியிருக்கும் பையை மேலிருந்து அமுக்கினால் சிறுநீர் மேல்நோக்கி சிறுநீரகத்துக்கே ஏறலாம். பைக்குள் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக் பரிசோதனை செய்து டாக்டர் சரி என்று சொன்னாலொழிய இதை விட்டுவிடுவதே நல்லது.

அடுத்தது, நேரம் பார்த்து ட்யூப் போட்டு எடுப்பது. 1972-ல் மிச்சிகனில் ஜாக் லாபிடஸ், கையைச் சுத்தமாகக் கழுவினால் போதும், ஆபரேஷன் தியேட்டர் அளவு கிருமி நீக்கம் தேவையில்லை என்று எழுதிய பிறகுதான் இது வீட்டில் செய்யும் காரியமானது. நம்மூர் மெடிக்கல் ஷாப்பில் நெலட்டான் ட்யூப் என்று கேட்டால் கிடைக்கும், விலையும் கம்மி. பெண்கள் முதலில் ஒரு சின்னக் கண்ணாடி வைத்துத் துவாரத்தைக் கண்டுபிடிக்கப் பழகுவார்கள், அப்புறம் விரலே வழி சொல்லிவிடும். ஆண்களுக்கு ஜெல்லி தாராளமாக வேண்டும். ட்யூப் உள்ளே போகும்போது ஓரிடத்தில் தடுக்கும், அங்கே முட்டித் தள்ளாமல் ஒரு மூச்சு விட்டுக் காத்திருந்தால் தசை தளர்ந்து வழி விடும். சிறுநீர் நின்றதும் சட்டென்று உருவிவிடக் கூடாது, மெதுவாக இழுத்தால் அடியில் தங்கியிருந்த கொஞ்சமும் வடியும், அந்தக் கொஞ்சத்தில்தான் கிருமி வளர்கிறது.

ஒரு நாளைக்கு நான்கிலிருந்து ஆறு தடவை, ஒரு தடவைக்கு 400, 500 மி.லி.-க்கு மேல் சேராமல் எடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை என்று அடித்துச் சொல்வேன். இடிப்பது உடம்பு இல்லை, ஊர்தான். வீல்சேர் நுழையாத கழிப்பறை, நாள் முழுக்க பஸ் பயணம், ஆபீசில் கதவு சரியாகச் சாத்தாத பாத்ரூம். இதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்பவர்கள் நிறைய, அது கல்லுக்கும் தொற்றுக்கும் நேராகக் கொண்டுபோய் விடும்.

ட்யூப் மட்டும் போதாமல் சிறுநீர்ப்பைத் தசை தானாகத் துடித்தால் மருந்து சேர வேண்டும். ஆக்ஸிபியூட்டினின் பழைய, விலை குறைந்த மாத்திரை. வாய் வறளும், மலச்சிக்கல் கூடும், அந்த மலச்சிக்கலே திரும்பச் சிறுநீர்ப்பையைக் கெடுக்கும். மிராபெக்ரான் என்ற இன்னொரு மாத்திரையில் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் ரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பைச் சுவரில் போடாக்ஸ் ஊசி, பல மாதங்கள் வேலை செய்து மங்கிவிடும், மறுபடி போட வேண்டும், செலவு கடிக்கும். ஆனாலும் வயிற்றைத் திறக்கும் ஆபரேஷனுக்குப் போகும்முன் இதைக் கேட்டுப் பார்க்காமல் விடக் கூடாது.

நிரந்தரமாக ட்யூப் வைத்து யூரின் பை மாட்டிக்கொள்வது பார்க்க மிகச் சுலபம். கை சரியாக வேலை செய்யாதவர்களுக்கும், கூட உதவிக்கு ஆள் இல்லாதவர்களுக்கும் அதுதான் நடைமுறை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்படி வேண்டுமென்றால் சிறுநீர்த் துவாரம் வழியாக வருடக்கணக்கில் வைப்பதைவிட அடிவயிற்றில் துளை போட்டு வைப்பது மேல், ஏனென்றால் கீழே வைத்தது நாளடைவில் துவாரத்தையே அறுத்துவிடும், உணர்ச்சி இல்லாததால் தெரியவும் தெரியாது. இரண்டிலும் கல்லும் தொற்றும் வரும், ட்யூபைத் தவறாமல் மாற்ற வேண்டும். இன்னொன்று: நம்மில் பலருக்கு லேடெக்ஸ் அலர்ஜி உண்டு, இப்படி நிரந்தரமாக வைக்கச் சாதாரணமாகக் கிடைக்கும் ஃபோலி ட்யூப் லேடெக்ஸ் ரப்பர்தான். முழு சிலிக்கோன் என்று கேட்டு வாங்குங்கள்.

ஆபரேஷனுக்கு வருவோம். குடலில் ஒரு துண்டை எடுத்துப் பையைப் பெரிதாக்குவது அழுத்தத்தை நன்றாகவே குறைக்கும். அதோடு, பிரெஞ்சு சர்ஜன் பால் மித்ரோஃபானோஃப் 1980-ல் வெளியிட்ட முறைப்படி குடல்வாலைக் கொண்டு தொப்புளுக்கு ஒரு வழி அமைத்தால், வீல்சேரிலிருந்து இறங்காமலே, உடை கழற்றாமலே ட்யூப் போடலாம். குறிப்பாகப் பெண்களுக்கு இது வேறொரு வாழ்க்கை. ஆனால் விலை உண்டு. ட்யூப் போடுவது நிற்காது. குடல் சளி சுரந்துகொண்டே இருக்கும், கழுவாவிட்டால் கல் கட்டும். ரத்தத்தில் அமிலம் கூடலாம், பி12 குறையலாம். தொப்புள் வாய் சுருங்கிப்போய் மறுபடி தியேட்டருக்குப் போக வேண்டி வரலாம். எல்லாவற்றையும்விட, பை நிரம்பி வெடித்தால் நமக்கு வயிற்றுவலி சரியாகத் தெரியாது. காய்ச்சல், உப்புசம், தோள்வலி என்று வந்தால் உடனே எமர்ஜென்சிக்குப் போய் “எனக்குக் குடலால் பெரிதாக்கிய சிறுநீர்ப்பை” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். நேரத்துக்கு ட்யூப் போடாத பழக்கம் உள்ளவர் இந்த ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளக் கூடாது என்றே நினைக்கிறேன்.

வயிற்றில் ஒட்டும் பைக்குச் சிறுநீரைத் திருப்பிவிடும் ஆபரேஷன் ஒரு காலத்தில் குழந்தைகளுக்கு நிறையச் செய்தார்கள். பல வருடம் கழித்துச் சிறுநீரகம் கெட்டவர்கள் அதில் ஏராளம். வேறு வழியில்லாதபோது மட்டும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் வருடம் ஒரு தடவை சிறுநீரக ஸ்கேன் எடுங்கள். சிறுநீரகத்துக்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் நார்மல் என்று ரிப்போர்ட் வந்தால் நிம்மதியாகிவிடாதீர்கள், தசை குறைவான உடம்பில் அது எப்போதும் குறைவாகவே காட்டும். தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாடின் சி என்ற ரத்தப் பரிசோதனை பார்க்க முடியுமா என்று கேளுங்கள். யூரின் டெஸ்டில் கிருமி இருப்பது ட்யூப் போடுகிறவர்களுக்குச் சகஜம், காய்ச்சலோ புதிய ஒழுகலோ மாதிரி அறிகுறி எதுவும் இல்லாமல் ஆன்ட்டிபயாடிக் தந்தால் எதற்கென்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இத்தனை வருடம் ஒழுங்காக இருந்த பை திடீரென்று அடிக்கடி ஒழுக ஆரம்பித்தால், கூடவே முதுகுவலியோ காலில் பலவீனமோ வந்தால், முதுகுத்தண்டு நரம்பு இழுபடுகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். அப்போது யூராலஜிஸ்ட்டோடு நின்றுவிடாமல் நியூரோசர்ஜனிடமும் காட்டுங்கள்.