சேஜ்மேத் செல்: போன் மட்டுமே வைத்திருக்கும் கணித மாணவருக்கு ஓர் ஆய்வகம்

வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரி, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி என்று வடசென்னையில் பி.எஸ்சி. கணிதம் படிக்கும் பலருக்கு லேப் பீரியட் முடிந்ததும் கணினி கையை விட்டுப் போய்விடும். வீட்டில் இருப்பது போன்தான். கணிதத்தோடு கணினியும் படிப்பவர்களுக்கு அந்தப் போனிலேயே பயிற்சி எடுக்க சேஜ்மேத் செல்லைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம்.

சேஜ்மேத் 2005-இல் வில்லியம் ஸ்டெய்ன் வெளியிட்ட இலவசக் கணித மென்பொருள். பைத்தான் என்ற நிரல் மொழியின் மேல் கட்டியது. அதை லாகின் இல்லாமல் பிரவுசரிலேயே ஓட்டித் தருவது செல். கணக்கெல்லாம் சர்வரில் நடப்பதால் பழைய ஆண்ட்ராய்டு போனே போதும். முப்பரிமாண வரைபடம் மட்டும் திணறும். செல் பக்கத்தின் மொழிப் பட்டியலில் மேட்லேப் போன்ற இலவச மொழியான ஆக்டேவ், புள்ளியியல் மொழியான ஆர் இரண்டும் இருக்கின்றன. மேட்லேப் ரெக்கார்டு புரோகிராம்களில் பெரும்பாலானவை ஆக்டேவில் ஓடிவிடும். புள்ளியியல் தாளுக்கு ஆர்.

இதன் பெரிய பலம் துல்லியம். சாதாரண பைத்தானில் 1/3 என்றால் 0.333 என்று தசமம் வரும். இங்கே 1/3 பின்னமாகவே நிற்கும். 10 வரிசை ஹில்பர்ட் அணியை (i-ஆவது நிரை, j-ஆவது நிரலில் 1/(i + j − 1) இருக்கும் அணி) எடுத்துக்கொள்ளுங்கள். சிறு பிழை எத்தனை மடங்கு பெருகலாம் என்று காட்டும் அதன் கண்டிஷன் எண் சுமார் 1.6 × 10¹³. தசமத்தில் சமன்பாடு தீர்த்தால் 16 இலக்கத்தில் 13 வரை பறிபோகலாம். பின்னத்தில் ஒரு இலக்கம்கூடப் போகாது. எண் கோட்பாட்டுக்கும் அப்படியே: 2⁶⁷ − 1-ஐக் காரணிப்படுத்தச் சொன்னால் 193707721 × 761838257287 என்று உடனே எழுதித் தரும்.

தவறு வரும் இடமும் இதே எண் வகைதான். முழு எண்களால் ஆன அணிக்கு எக்கலான் வடிவம் கேட்டால் முழு எண்ணுக்குள்ளேயே நின்று விடை தரும். (2, 0), (0, 3) என்ற நிரைகளைக் கொடுத்தால் அலகு அணி வராது, கொடுத்ததே திரும்பி வரும். அணியை உருவாக்கும்போதே விகிதமுறு எண் என்று குறிப்பிட்டுவிட்டால் பாடப்புத்தக விடை கிடைக்கும். ஐகன் மதிப்பு 1.618033988749895? என்று கேள்விக்குறியோடு வந்தால் பிழை என்று பதற வேண்டாம். உள்ளே முழுத் துல்லியமான எண் இருக்கிறது, திரையில் கடைசி இலக்கம் மட்டும் ஒன்று கூடக் குறையலாம். ஃபார் லூப்பில் ரேஞ்ச் தரும் எண்கள் சாதாரண பைத்தான் எண்கள். அவற்றில் ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் பின்னம் தசமமாகிவிடும். அங்கே எஸ்ரேஞ்ச் (srange) போடுங்கள்.

அதிகம் பேர் சறுக்குவது கர்னலில், அதாவது அணியோடு பெருக்கினால் பூஜ்யம் தரும் வெக்டர்களில். வெறுமனே கர்னல் என்று கேட்டால் வெக்டரை அணிக்கு இடப்பக்கம் வைத்துப் பெருக்கும் இடப்பக்கக் கர்னல்தான் வரும். (1, 2), (3, 6) நிரைகளுக்கு அது (3, −1) திசை. நம் பாடத்தில் கேட்பது (2, −1). அதற்கு ரைட் கர்னல் (right_kernel) என்றே எழுத வேண்டும். சமச்சீர் அணியில் இரண்டும் ஒன்றாக இருப்பதால் அதை மட்டும் வைத்துப் பழகியவர்களுக்குத் தேர்வு ஹாலில்தான் இந்த வித்தியாசம் தெரியவரும். ஐகன் வெக்டருக்கும் ரைட் சேர்த்தே கேளுங்கள்.

குறைகள் உண்டு. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் பழைய மாறிகள் அழிந்துவிடும், ஆகவே முழு நிரலும் ஒரே பெட்டியில் இருக்க வேண்டும். நீண்ட கணக்கை நேர வரம்பு பாதியில் வெட்டிவிடும். நிரலைச் சேமித்து வைக்கவும் இடமில்லை. ஷேர் பொத்தானை அழுத்தி நிரந்தரச் சுட்டியை எடுத்து உங்கள் வாட்ஸ்அப்பிலேயே போட்டு வையுங்கள். பக்கத்தில் உள்ள குறுஞ்சுட்டி தற்காலிகமானது. நண்பர்களுக்கும் சுட்டியையே அனுப்புங்கள். நிரலை அப்படியே ஒட்டி அனுப்பினால் வரி முன் இடைவெளி கலைந்து பைத்தான் ஓட மறுக்கலாம்.

லேப்டாப் கிடைத்தவர்கள் விண்டோஸில் நேரடியாக நிறுவ முடியாது. விண்டோஸுக்குள் லினக்ஸ் ஏற்றி அதற்குள் நிறுவ வேண்டும், டிஸ்க்கில் பல ஜிபி பிடிக்கும். 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப் என்றால் அந்தச் சிரமமே வேண்டாம், அதிலும் பிரவுசரில் செல்லையே திறந்து வேலை செய்யுங்கள்.