எஸ்ஆர்டி 5.1 மாயப் பொருட்கள்: புதுச்சேரி டேபிளுக்கு எவ்வளவு தேறும்?

டேபிளைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு அடிப்படை விதிகள் எஸ்ஆர்டி 5.1 என்ற பெயரில் இலவச பிடிஎஃப்பாகக் கிடைக்கின்றன. 2023 ஜனவரியில் அதைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்துவிட்டார்கள். அதன் மாயப் பொருட்கள் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டே ஒரு முழு கேம்பெயினை (பல அமர்வுகள் நீளும் தொடர்கதையை) ஓட்டலாம், அவ்வளவு சரக்கு இருக்கிறது. ஆனால் பொருளின் பெயருக்குக் கீழே போட்டிருக்கும் ரேரிட்டியை (எவ்வளவு அரியது என்ற தரத்தை) நம்பிப் பரிசு கொடுத்தால் பாத்திரங்களின் மூன்றாம் லெவலிலேயே ஆட்டம் சாய்ந்துவிடும்.

பறக்கும் துடைப்பத்தைப் பாருங்கள். ரேரிட்டி அன்காமன் (கொஞ்சம் அரியது). வேகம் 50 அடி, அட்யூன்மென்ட் (பொருளைப் பாத்திரத்தோடு இணைத்துக்கொள்வது) தேவையில்லை, நேர வரம்பும் இல்லை. சிறகுக் காலணியும் அதே அன்காமன்தான், ஆனால் அதற்கு அட்யூன்மென்ட் வேண்டும், மொத்தம் 4 மணி நேரம்தான் பறக்க முடியும். தாக்குதலிலும் சேதத்திலும் ஒன்றை மட்டும் கூட்டும் வெறும் +1 வாளும் இதே வரிசையில் நிற்கிறது. நீள்வில் வைத்திருப்பவரிடம் துடைப்பத்தைக் கொடுத்தால் ஓநாய், கரடி மாதிரி கிட்டே வந்து கடிப்பவை எதுவும் அவரைத் தொடவே முடியாது. ஐந்தாம் லெவல்வரை காலணியைக் கொடுங்கள், துடைப்பம் பிறகு வரட்டும்.

இந்தப் பகுதியிலேயே எங்களுக்கு ரொம்பப் பிடித்தது தீப்பந்து மாலை. கதையைப் பழைய அரிக்கமேட்டுத் துறைமுகத்தில் வைத்தால் ஒரு விதியைக்கூட மாற்ற வேண்டாம். கண்ணாடி மணிகளுக்குப் பேர்போன ஊர் அது. மணிகளின் எண்ணிக்கை 1டி6+3 (ஒரு ஆறுமுகப் பகடையில் விழுவதோடு 3), அதாவது 4 முதல் 9 வரை. ஒரு ஆக்‌ஷனில் ஒரு மணியைக் கழற்றி 60 அடி தூரம்வரை எறியலாம். 20 அடி ஆரத்தில் வெடிக்கும், சேதம் 8டி6, சராசரி 28. டெக்ஸ்டெரிட்டி சேவ் டிசி 15, அதாவது சுறுசுறுப்பைச் சோதிக்கும் உருட்டலில் 15 எட்டித் தப்பினால் சேதம் பாதி. சேர்த்து எறியும் ஒவ்வொரு கூடுதல் மணிக்கும் ஸ்பெல் லெவல் (மந்திரத்தின் வலிமைப் படி) ஒன்று ஏறும், சேதத்தில் 1டி6 கூடும். இங்கேதான் பிளேயர்கள் ஏமாறுவார்கள். ஒன்பதையும் ஒரே வீச்சில் போட்டால் 16டி6, சராசரி 56. தனித்தனியாகப் போட்டால் மொத்தச் சராசரி 252! ஒரே ரவுண்டில் கதையை முடித்தாக வேண்டும் என்றால் மட்டுமே மொத்தமாக எறிவதில் அர்த்தம் உண்டு. கட்டம் போட்ட வரைபடத்தில் (கிரிட்) 60 அடி என்பது 12 கட்டம், ஆரம் 4 கட்டம். நெருப்பு மூலை திரும்பியும் பரவும் என்பதை முதல் மணி பறக்கும் முன்பே டேபிளில் சொல்லிவிடுங்கள். தூணுக்குப் பின்னால் நிற்கும் சொந்த ஆளும் வேகலாம்.

மேஜிக் மிசைல் (மாய அம்பு) கோல் நேர்த்தியாக வடிவமைத்த பொருள். 7 சார்ஜ் (செலவழிக்கும் சக்தி அலகு), தினமும் விடியலில் 1டி6+1 திரும்பும். கடைசி சார்ஜையும் செலவழித்தால் டி20 (இருபது முகப் பகடை) உருட்ட வேண்டும், 1 விழுந்தால் கோல் சாம்பல். அந்த ஒற்றைச் சார்ஜைத் தொடலாமா வேண்டாமா என்று டேபிளே கூடி விவாதிக்கும். நல்ல பொருளுக்கு அதுதான் அடையாளம்.

வெளியே தெரிவதைவிட உள்ளே அதிகம் கொள்ளும் மாயப் பையான பேக் ஆஃப் ஹோல்டிங்கில் எல்லோரும் கொள்ளளவை மட்டும் பார்க்கிறார்கள்: 500 பவுண்டு, நம் கணக்கில் சுமார் 227 கிலோ. வாய் அகலம் 2 அடிதான் என்பதைக் கவனிப்பதில்லை. கோயில் சிலையை அப்படியே உள்ளே தள்ள முடியாது. உள்ளே கூர்மையான ஆயுதம் எதுவும் துளைத்தால் பை கிழிந்து, இருந்ததெல்லாம் ஆஸ்ட்ரல் பிளேன் என்ற வேற்றுலகில் சிதறிவிடும்.

பிடிஎஃப்பில் ஒரு படம்கூட இல்லை. அகர வரிசையில் கிடக்கும் இரட்டைப் பத்தியை டேபிளில் புரட்டுவதும் சிரமம். கார்டாக அச்சிடுவதே வழி. 63 × 88 மிமீ அளவில் ஏ4 தாளுக்கு 9 கார்டு கச்சிதமாக அடங்கும். தமிழில் எழுதினால் வரி நீளும், அதனால் விளைவு, சார்ஜ், அட்யூன்மென்ட் மூன்றை மட்டும் கார்டில் போடுங்கள். ஒருவருக்கு மூன்று அட்யூன்மென்ட்தான் என்பதால் அப்படிப்பட்ட கார்டின் ஓரத்துக்குத் தனி நிறம் கொடுத்தால் எண்ணுவது சுலபம்.

புதுச்சேரிக் கடற்காற்றில் இங்க்ஜெட் அச்சு கசியும். ஜெராக்ஸ் கடையில் லேசர் பிரிண்ட் எடுத்து, கார்டைச் சுற்றி 3 மிமீ ஓரம் விட்டு லேமினேட் செய்யச் சொல்லுங்கள். ஓரம் ஒட்டவெட்டினால் ஈரம் புகுந்து பிரிந்துவிடும். சார்ஜை ஒயிட்போர்டு மார்க்கரில் எழுதி அழிக்கலாம். இங்கே எளிதாகக் கிடைக்கும் கைக்காகிதம் மாயச் சுருளுக்கு அழகு, ஆனால் பிரிண்டரில் விடாதீர்கள். பிசிறு ஓரம் ரோலரில் சிக்கும், சொரசொரப்பில் டோனர் சரியாகப் பிடிக்காது. பேனாவால்தான் எழுத வேண்டும்.

தமிழாக்கிய கார்டுகளை விற்கவும் இந்த உரிமம் இடம் கொடுக்கிறது. பிடிஎஃப்பின் முதல் பக்கத்தில் கேட்டிருக்கும் நன்றிக்குறிப்பைச் சேர்த்து, நீங்கள் மாற்றியிருப்பதையும் குறிப்பிட்டுவிட்டால் போதும்.