ஒரே கார்டு, மூன்று வண்டி: நான்கு வருடம் பயன்படுத்திய பிறகு

வீட்டிலிருந்து ஒரு பஸ், அங்கிருந்து ரயில், ரயிலை விட்டு இறங்கி இன்னொரு பஸ். வாரத்தில் ஐந்து நாள் இதுதான் என் வழி. இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரே கார்டும் ஒரு செயலியும் வந்தபோது முதல் மாதமே வாங்கிவிட்டேன். இப்போது நான்கு வருடம் ஆகிறது. புதிதில் எழுதியிருந்தால் கார்டைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன். இன்று எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: ஒரு வண்டியிலிருந்து இறங்கி அடுத்ததில் ஏறும் வரை உள்ள அந்தச் சில நிமிடங்கள்.

கார்டு நன்றாகவே வேலை செய்கிறது. சில்லறை தேட வேண்டாம், வரிசையில் நிற்க வேண்டாம். ஹாங்காங்கில் ஆக்டோபஸ் கார்டு 1997-லேயே வந்துவிட்டது, லண்டனில் ஆய்ஸ்டர் 2003-ல். தொழில்நுட்பம் பழகிப்போன ஒன்றுதான்.

ஆனால் முதல் வருடம் கார்டுதான் ஒன்று, கட்டணம் மூன்று. ஒவ்வொரு வண்டியில் ஏறும்போதும் குறைந்தபட்சக் கட்டணம் புதிதாகப் பிடிக்கப்பட்டது. அதனால் வண்டி மாறுவதைத் தவிர்க்க, ஊரெல்லாம் சுற்றிப் போகும் நேரடி பஸ்ஸிலேயே உட்கார்ந்திருப்பேன். இரண்டாம் வருடம் தொடர் கட்டணம் வந்தது. 30 நிமிடத்துக்குள் அடுத்த வண்டியில் ஏறிவிட்டால் மொத்தமும் ஒரே பயணமாகக் கணக்காகும். தென்கொரியாவின் சியோல் நகரம் 2004-ல் செய்ததும் இதைத்தான்: கட்டணம் போன தூரத்துக்கு, ஏறிய வண்டிகளின் எண்ணிக்கைக்கு அல்ல. என் பழக்கத்தையே மாற்றியது இந்த ஒரு ஏற்பாடு. எது முதலில் வருகிறதோ அதில் ஏறிவிடுகிறேன், வழியில் மாறிக்கொள்ளலாம் என்ற தைரியம் வந்துவிட்டது.

ஒன்று கவனிக்க வேண்டும். தூரத்தைக் கணக்கிட, இறங்கும்போதும் கார்டைத் தட்ட வேண்டும். தொடர் கட்டணம் வந்த முதல் மாதத்தில் இரண்டு முறை மறந்தேன், முழுக் கட்டணமும் போனது. மூன்றாவது முறை நான் தட்டியும் இயந்திரம் பதிவு செய்யவில்லை. புகார் கொடுத்தால் பஸ் தரப்பு ரயில் தரப்பைக் கைகாட்டியது, அவர்கள் திருப்பி இவர்களைக் கைகாட்டினார்கள். பணம் திரும்பி வர இரண்டு வாரம் ஆனது. ஜெர்மனியின் ஹாம்பர்கில் 1965-லேயே போக்குவரத்து நிறுவனங்கள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து, கட்டணத்தையும் அட்டவணையையும் பொதுவாக வைத்து, வருமானத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் வழிக்கு வந்தன. அப்படிப் பொறுப்பேற்க ஓர் அமைப்பு இல்லாமல் கார்டை மட்டும் ஒன்றாக்கினால், அலைவது பயணிதான்.

சரி, காத்திருப்புக்கு வருகிறேன். மாலையில் என் ரயில் 7:42-க்கு வரும். பஸ் நிறுத்தத்துக்கு நான்கு நிமிட நடை. பஸ்ஸோ 7:44-க்குக் கிளம்பிவிடும், அடுத்தது 8:14-க்கு. நேரடி பஸ்ஸை விட்ட பிறகு, ஒரு வருடத்துக்கும் மேல் தினமும் அந்த பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்தபடியே வந்து நின்றிருக்கிறேன். பலரும் எழுதிக் கேட்டோம். மூன்றாம் வருடம் பஸ் நேரத்தை 7:50-க்கு மாற்றினார்கள். அந்த ஆறு நிமிட மாற்றத்தில் தினமும் 24 நிமிடம் முன்னதாக வீட்டில் இருக்கிறேன். கார்டு எனக்கு இவ்வளவு மிச்சம் பிடித்துத் தரவில்லை. சுவிட்சர்லாந்து 1982 முதல் நாடு முழுக்க ஒரே இடைவெளியில் ஓடும் ரயில் அட்டவணையை வைத்திருக்கிறது. சந்திப்பு நிலையங்களில் ரயில்கள் அடுத்தடுத்து வந்து சேரும், பஸ்களும் அதையொட்டிக் கிளம்பும். அட்டவணை போடுகிறவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தால் இது நடக்கும்.

செயலியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பல நிறுவனங்களின் வண்டிகளை ஒரே திரையில் காட்ட முடிவதற்கு, நிறுத்தங்களையும் நேரங்களையும் ஒரே வடிவில் எழுதும் பொதுத் தரவு முறை காரணம். 2005-ல் அமெரிக்காவின் போர்ட்லாந்து போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து தொடங்கியது அது. ஆனால் அட்டவணை நேரம் வேறு, வண்டி இப்போது எங்கே இருக்கிறது என்பது வேறு. என் செயலியில் ரயிலுக்கு வருவது நேரடித் தகவல், இரண்டாவது பஸ்ஸுக்கு வெறும் அட்டவணை. இரண்டும் ஒரே எழுத்தில், ஒரே நிறத்தில் தெரிகின்றன. எதை நம்புவது என்று புரியவே எனக்குப் பல மாதம் பிடித்தது. அப்புறம், '4 நிமிட நடை' என்று காட்டும் செயலிக்குப் படிக்கட்டு தெரியாது. முழங்கால் வலியுள்ள அம்மாவை அழைத்துப்போன அன்று லிஃப்ட் ஓடவில்லை, அந்த நான்கு நிமிடம் இருபதானது.

புதிதாகச் சேர்கிறவர்கள் போனில் சார்ஜ் தீர்ந்தாலும் கைகொடுக்கும் கார்டையே கட்டணம் கட்டப் பயன்படுத்துங்கள். மாதாந்திர பாஸ் எடுக்கும் முன், அது உங்கள் வழியில் உள்ள எல்லா வண்டிகளுக்கும் செல்லுமா என்று கேட்டுவிடுங்கள்.

இன்னும் சரியாகாத ஒன்று இருக்கிறது. இரவில் கடைசி ரயில் வந்து சேரும் முன்பே கடைசி பஸ் போய்விடுகிறது. அதனால் வேலை தாமதமாகும் என்று காலையிலேயே தெரிந்த நாட்களில், கார்டை வீட்டில் வைத்துவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டுதான் கிளம்புகிறேன்.