மளிகை விலை எவ்வளவு ஏறியிருக்கிறது: மாத பில்லா, அரசுக் குறியீடா, சொந்தப் பட்டியலா?

போன வருஷத்துக்கு இந்த வருஷம் மளிகை எவ்வளவு கூடியிருக்கிறது என்று வீட்டில் ஒரு பேச்சு வந்தது. மூன்று விதமாகக் கணக்குப் போட்டேன், மூன்றுக்கும் மூன்று விடை. மாத பில்லின் மொத்தத்தை ஒப்பிடுவது ஒன்று, நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை (சராசரிக் குடும்பம் வாங்குவதன் விலை எவ்வளவு மாறியது என்று அரசு வெளியிடும் எண்) வைத்துப் பெருக்குவது இன்னொன்று, நாமே ஒரு சாமான் பட்டியல் போட்டு அதன் விலையைத் தொடர்வது மூன்றாவது. இப்போது நான் மூன்றாவதில் இருக்கிறேன், அதனால் இது அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

மாத பில்லைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விருந்தாளி வந்தால் ஏறும், வெளியூர் போனால் இறங்கும். விலை ஏறியதே என்று வாங்குவதைக் குறைத்திருந்தால் மொத்தம் அப்படியே நிற்கும், நாமும் ஒன்றும் ஏறவில்லை என்று நினைத்துக்கொள்வோம்.

குறியீட்டெண்ணுக்கு ஐந்து நிமிடம் போதும். இன்றைய எண்ணைப் பழைய எண்ணால் வகுத்து, பழைய செலவோடு பெருக்கினால் முடிந்தது. 120 இருந்தது 150 ஆனால் ஏற்றம் 25%. பலர் கழித்துப் பார்த்து 30% என்று சொல்லிவிடுகிறார்கள், அது எத்தனை புள்ளி ஏறியது என்ற கணக்கு, சதவீதம் இல்லை. வருஷ விகிதங்களைக் கூட்டுவதும் இதே மாதிரித் தப்புதான்: வருஷத்துக்கு 6% என்று பத்து வருஷம் ஏறினால் 60% இல்லை, ஏறக்குறைய 79%. பத்து, இருபது வருஷம் பின்னோக்கிப் பார்க்க வேண்டுமென்றால் இந்த வழிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மொத்தக் குறியீட்டில் வாடகை, போக்குவரத்து, மருத்துவம் எல்லாம் சேர்ந்திருக்கும். மளிகைக்கு உணவுப் பிரிவின் எண்ணை மட்டும் எடுக்க வேண்டும், அப்படி எடுத்தாலும் அது சராசரிக் குடும்பத்தின் கணக்கு, நம் வீட்டுக் கணக்கு இல்லை.

சொந்தப் பட்டியலில் 14 சாமான் வைத்திருக்கிறேன். ஒரு மாதத்தை அடிப்படையாக எடுத்து, அன்று வாங்கிய அளவை மாற்றாமல் அதே அளவுக்கு இன்று எவ்வளவு ஆகும் என்று பார்ப்பது. 1871-லேயே லாஸ்பேயர் என்ற ஜெர்மன் பொருளாதார அறிஞர் சொன்ன முறைதான். செலவில் ஒவ்வொன்றின் பங்கு எவ்வளவு என்பது முக்கியம். செலவில் பாதியை விழுங்கும் தானியம் 4%, ஐந்தில் ஒரு பங்கான எண்ணெய் 30%, மீதியெல்லாம் 5% ஏறியது என்றால், மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தவருக்கு 13% வரும். பங்கோடு பெருக்கினால் 9.5% தான்.

என்னை இந்தப் பக்கம் இழுத்தது பாக்கெட்டின் எடை. சோப்புத்தூள் விலை 5% ஏறியிருக்கிறது என்று எழுதி வைத்துவிட்டேன். அப்புறம் டப்பாவில் கொட்டும்போது விளிம்பு வரை வரவில்லை, வழக்கமாக வழியும். பையைத் திருப்பிப் பார்த்தால் 900 கிராம். பழைய பை ஒரு கிலோ. 1.05-ஐ 0.9-ஆல் வகுத்தால் 1.167, ஆக உண்மையான ஏற்றம் 16.7%. விலையே மாறாமல் 500 கிராம் 450 ஆனால்கூட அது 11.1% ஏற்றம், 10% இல்லை. அன்றிலிருந்து பாக்கெட் விலையை எழுதுவதில்லை. கிலோவுக்கு, லிட்டருக்கு எவ்வளவு என்று வகுத்து அதை மட்டும்தான் எழுதுகிறேன். பட்டியலையே மறுபடி உட்கார்ந்து திருத்தியபோது இன்னும் மூன்று சாமான்கள் இப்படி இளைத்திருந்தன, பிஸ்கட்டில் இரண்டு வகை. குறியீட்டெண் தயாரிப்பவர்களும் அளவு மாற்றத்தைச் சரிக்கட்டத்தான் செய்கிறார்கள், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தத் திருத்தம் மொத்த எண்ணுக்குள் கரைந்துவிடும், எந்தப் பாக்கெட் நம்மை ஏமாற்றியது என்று அது சொல்லாது.

இதிலும் ஓட்டை உண்டு. ஒரு சாமான் விலை ஏறியதும் நாம் வேறொன்றுக்கு மாறிவிடுவோம், நிலையான பட்டியலோ பழையதையே பிடித்துக்கொண்டு ஏற்றத்தைச் சற்றுக் கூட்டிக் காட்டும். இன்றைய அளவை வைத்துக் கணக்கிடும் பாஷே முறை பெரும்பாலும் குறைத்துக் காட்டும். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஃபிஷர் முறை. அதை ஒரே ஒரு முறை போட்டுப் பார்த்தேன், என் பட்டியல் கணக்குக்கும் அதற்கும் வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை. இரண்டு வருஷப் பில்தான் கையில் இருக்கிறது என்பதால் அதை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்ல மாட்டேன்.

பராமரிப்பு என்று பார்த்தால் மாதம் இருபது நிமிடம். பில்லை மட்டும் கோப்பில் போட்டுவிட்டு அப்புறம் எழுதலாம் என்று விடாதீர்கள், கடைகளில் தரும் அந்த வழவழப்பான தாளில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும். நான் தொடங்கிய வருஷத்தின் முதல் நான்கு மாதம் அப்படித்தான் வெள்ளைத் தாளாகப் போனது, என் அடிப்படை மாதம் ஜனவரியாக இல்லாமல் மே ஆனதற்குக் காரணம் அதுதான்.